மூடிவைத்த செய்முறைகள்

நுண்ணுயிரியல் அறிமுகப் புத்தகம் எதை எடுத்தாலும் முதல் சில பக்கங்களுக்குள் ஆன்டனி வான் லீவன்ஹூக் வந்துவிடுவார். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி. தானே செய்த லென்ஸ் வழியாக மிளகு ஊறிய தண்ணீரைப் பார்த்து, அதில் நெளிந்த சின்னஞ்சிறு உயிர்களைப் பற்றி 1676 அக்டோபரில் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதியவர். பக்கத்தைப் புரட்டினால் லூயி பாஸ்டர் நிற்பார். நடுவில் ஏறக்குறைய 180 ஆண்டுகளைக் காணோம். கண்ணில் பட்டுவிட்ட இத்தகைய உயிர்கள்தான் காலராவுக்கும் காசநோய்க்கும் காரணம் என்று நிறுவ ஏன் அவ்வளவு காலம் பிடித்தது? கருவி போதவில்லை, காலம் கனியவில்லை என்பார்கள். அது பாதி உண்மைதான். கண்டதைச் சொன்னவர்கள் அதை எப்படிக் கண்டார்கள் என்று சொல்லவில்லை என்பது மீதிப் பாதி. செய்முறையை ஊரறியத் திறந்துவைத்த காலத்தில் இந்தத் துறை பாய்ந்து வளர்ந்தது. மூடிவைத்த இடங்களில் முடங்கியது, சில சமயம் உயிரையும் வாங்கியது. இதை அந்தக் கால விஞ்ஞானிகளின் குணக்கேடு என்று ஒதுக்கிவிட முடியாது. இன்றைய மருந்துக் கொள்கை வரை இது நீள்கிறது.

லீவன்ஹூக் 500க்கும் மேற்பட்ட லென்ஸ்களைச் செய்தவர். பார்க்க வந்தவர்களுக்குச் சிலவற்றைக் காட்டினார். மிகச் சிறந்தவற்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். எப்படிச் செய்தார், பார்க்கும்போது வெளிச்சத்தை எப்படி விழவைத்தார் என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை. லண்டனில் நெகமையா குரூ அந்த உயிர்களைக் காண முயன்று தோற்றார். 1677 நவம்பரில் ராபர்ட் ஹூக் வெற்றி பெற்ற பிறகுதான் டெல்ஃப்ட்காரர் சொன்னது கட்டுக்கதையல்ல என்று ராயல் சொசைட்டி ஒப்புக்கொண்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. உட்ரெக்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய நுண்ணோக்கியை நியூட்ரான் கதிர்களால் ஊடுருவிப் பார்த்த ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. உள்ளே இருந்தது, கண்ணாடி இழையைத் தீயில் உருக்கினால் திரளும் சாதாரண மணி லென்ஸ்தான். அதைச் செய்யும் வழியை ஹூக் தன் ‘மைக்ரோகிராஃபியா’ முன்னுரையில் 1665இலேயே அச்சிட்டுவிட்டார். அப்படியானால் ரகசியத்தால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். லென்ஸ் பாதி வேலைதான். மாதிரியை எப்படி வைப்பது, எந்தக் கோணத்தில் ஒளி வேண்டும் என்ற கைப்பழக்கம் மீதிப் பாதி. அதை ஒருவரும் கற்றுக்கொள்ளவில்லை. 1723இல் அவர் இறந்தபோது அது அவரோடு போயிற்று. செடிகொடிகளையெல்லாம் இனம் பிரித்து அடுக்கிய லின்னேயஸே இந்தச் சிற்றுயிர்கள் பலவற்றை ‘கேயாஸ்’ என்ற பெயருக்குள் அள்ளிப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

திறந்துசொன்னால் மட்டும் போதுமா என்பது நியாயமான கேள்வி. இத்தாலியில் ஃபிலிப்போ பச்சினி 1854இலேயே காலராக் கிருமியைக் கண்டார், வெளிப்படையாக எழுதவும் செய்தார். ஒருவரும் செவிசாய்க்கவில்லை. ஆனால் அவர் கொடுத்தது காட்சியைத்தான். இன்னொருவர் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்து, வளர்த்து, சோதித்துப் பார்க்கும் வழி அவரிடமும் இல்லை. அந்த வழியைக் கொடுத்தவர் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோச். 1881இல் லண்டனில் கூடிய சர்வதேச மருத்துவ மாநாட்டில், திடமான தளத்தில் கிருமிகளைத் தனித்தனியாக வளர்க்கும் முறையை எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாஸ்டரும் ஒருவர், அவரே பாராட்டினார். கோச் அப்போது பயன்படுத்தியது ஜெலட்டின். அதில் இரண்டு தொல்லைகள். கிருமிகள் நன்றாக வளரும் உடல் வெப்பத்தில் அது உருகிவிடும். சில கிருமிகள் அதையே தின்று நீராக்கிவிடும். கோச்சின் ஆய்வகத்தில் வேலைசெய்த வால்டர் ஹெஸ்ஸே இந்தத் தொல்லையை வீட்டில் சொன்னபோது, அவர் மனைவி ஃபேனி, ஜாவாவில் வாழ்ந்த டச்சுக்காரர்களிடமிருந்து தான் கற்ற சமையல் பொருளைச் சொன்னார். அகார் அகார். நம் வீடுகளில் நோன்புக் காலத்தில் காய்ச்சும் கடற்பாசிதான். கொதிநிலையை நெருங்கினால்தான் உருகும். உருகிவிட்டால் 40 டிகிரி அளவுக்கு ஆறும்வரை இறுகாது. இறுகியபின் உடல் வெப்பத்தில் அசையாது. பெரும்பாலான கிருமிகளால் அதைத் தின்னவும் முடியாது. ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுப்பதும் இதே பொருள்தான்.

காசநோய்க் கிருமியைப் பற்றிய 1882ஆம் ஆண்டுக் கட்டுரையில் கோச் அகாரைப் போகிறபோக்கில் குறிப்பிட்டார். ஹெஸ்ஸே தம்பதியின் பெயர் அதில் இல்லை. அது வேறு விதமான மூடிவைப்பு. ஆனால் செய்முறை வெளியே வந்துவிட்டது. 1887இல் ஜூலியஸ் பெட்ரி மூடியுள்ள தட்டையான கண்ணாடித் தட்டை விவரித்தார். செய்முறை வெளிவந்த அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1884இல் டைபாய்டு, டிப்தீரியா கிருமிகளை வளர்த்தாயிற்று. 1889இல் டெட்டனஸ் கிருமியைத் தனித்துப் பிரித்தவர் ஜப்பானிலிருந்து பெர்லினுக்குப் படிக்க வந்த கிடாசாட்டோ. 1894இல் ஹாங்காங்கில் பிளேக் கிருமி பிடிபட்டது. இரண்டு நூற்றாண்டுகள் நகராத வண்டி பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஓடிய ஓட்டம் இது. இதற்குப் பெரிய மேதைமை தேவைப்படவில்லை. பாசி, மூடியுள்ள தட்டு, அவற்றை வைத்து என்ன செய்வது என்ற அச்சிட்ட குறிப்பு போதுமானதாக இருந்தது.

கோச் திறந்த மனமுள்ள மனிதர் என்று இதிலிருந்து முடிவுக்கு வந்தால் ஏமாந்துபோவோம். 1890 ஆகஸ்ட்டில் பெர்லின் மாநாட்டில், காசநோய்க் கிருமியின் வளர்ச்சியை நிறுத்தும் பொருள் கிடைத்துவிட்டதாக அதே கோச் அறிவித்தார். நவம்பரில் நோயாளிகளுக்கு அதைச் செலுத்தும் விதத்தை வெளியிட்டார். அது எதனால் ஆனது என்று மட்டும் சொல்லவில்லை. ஐரோப்பா முழுவதிலிருந்தும் நோயாளிகள் பெர்லினுக்கு ரயிலேறினார்கள். ஷெர்லக் ஹோம்ஸை எழுதத் தொடங்கியிருந்த டாக்டர் கோனன் டாய்லும் போய்ப் பார்த்துவிட்டு, அவசரப்பட வேண்டாம் என்று லண்டன் பத்திரிகைக்கு எழுதினார். 1891 ஜனவரியில் நோயியல் நிபுணர் ருடால்ஃப் வீர்ஹோ பிரேதப் பரிசோதனைகளில் கண்டதை முன்வைத்தார்: மருந்து கிருமியைக் கொல்லவில்லை, சிலரது உடலில் நோயைப் பரப்பியிருந்தது. அதே மாதம் கோச் உண்மையைச் சொன்னார். வளர்த்த காசநோய்க் கிருமிகளிலிருந்து கிளிசரினில் எடுத்த சாறு, அவ்வளவுதான். முதல் நாளே இது தெரிந்திருந்தால் வேறு ஆய்வகங்கள் விலங்குகளில் சோதித்துப் பார்த்திருக்கும். மனிதர்களில் சோதித்தாயிற்று. டியூபர்குலின் என்ற அந்தச் சாறு பிற்பாடு காசநோய்த் தொற்றைக் கண்டறியும் தோல் பரிசோதனையாகப் பயன்பட்டது உண்மைதான். அந்தப் பயனும் அது இன்னதென்று தெரிந்த பிறகு வந்ததே.

என் வாதத்துக்கு எதிராக நிறுத்தக்கூடிய வலுவான சாட்சி பாஸ்டர். 1881இல் புய்லி-ல-ஃபோர் பண்ணையில் ஆடுகளுக்கு அடைப்பான் நோய்த் தடுப்பூசி போட்டு ஊரைக் கூட்டி வென்று காட்டினார். காற்றின் ஆக்சிஜனால் கிருமியை வலுவிழக்கச் செய்யும் தன் முறையைத்தான் பயன்படுத்தியதாக உலகம் நம்பியது. அவரும் நம்ப விட்டார். உண்மையில் அவர் போட்டது, உதவியாளர் ஷாம்பர்லாந்து பொட்டாசியம் டைக்ரோமேட் கொண்டு பக்குவப்படுத்திய கிருமி. துலூஸ் நகரக் கால்நடை மருத்துவர் துசெய்ன் அதற்கு முன்பே கையாண்ட வேதிப்பொருள் வழிக்கு இது நெருக்கமானது. பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகள் அவர் குடும்பத்திடமிருந்து வெளியே வந்து, 1995இல் ஜெரால்டு கீசன் எழுதிய நூலுக்குப் பிறகே இது பரவலாகத் தெரிந்தது. மறைத்தும் ஜெயித்தாரே, ஆடுகள் பிழைத்தனவே என்றால், பிழைத்தன. ஆனால் துசெய்னுக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை. வெளியே விற்ற தடுப்பூசியில் தூய்மையில்லை என்று கோச் 1882இல் சாடியபோது, மூன்றாமவர் சரிபார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய விவகாரம் பிரான்ஸ், ஜெர்மனி என்ற தேசச் சண்டையாக முடிந்தது. ஒருவர் மறைத்து வென்றார் என்பதால் மறைப்பு வென்றது என்று ஆகாது.

இன்றைக்கு எழும் ஆட்சேபங்கள் வேறு. ஆபத்தான கிருமியின் செய்முறையை வெளியிட்டால் தீயவர் கைக்குப் போகாதா? பறவைக் காய்ச்சல் வைரஸைப் பாலூட்டிகளுக்குள் பரவும்படி மாற்றிய இரண்டு ஆய்வுகளை முழுமையாக வெளியிட வேண்டாம் என்று 2011இல் அமெரிக்க ஆலோசனைக் குழு சொன்னது. நீண்ட விவாதத்துக்குப் பின் 2012இல் வெளியாயின. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே தகுதியுள்ள வெளியாட்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் தயங்கினார்கள். ஒருவர் கண்ணிலும் காட்டாமல் வைத்திருப்பது வேறு. வணிக ரகசியம் என்ற வாதம் இதைவிட மெலிந்தது. காப்புரிமை என்பதே, செய்முறையை வெளியிட்டால் சில ஆண்டுகள் ஏகபோகம் தருகிறேன் என்று அரசு செய்யும் ஒப்பந்தம். ஏகபோகத்தையும் வாங்கிக்கொண்டு செய்முறையில் பாதியை விழுங்குவது ஒப்பந்த மீறல்.

நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம். 2021 ஜனவரி 3 அன்று கோவேக்சின் தடுப்பூசிக்கு அவசர அனுமதி அறிவிக்கப்பட்டது. மூன்றாம் கட்டச் சோதனையில் அது எவ்வளவு காக்கிறது என்ற முடிவு அன்று இல்லை. தடுப்பூசித் திட்டம் தொடங்கிய நாளிலேயே டெல்லியில் ஓர் அரசு மருத்துவமனையின் உறைவிட மருத்துவர்கள் தங்களுக்கு மற்றொரு தடுப்பூசியான கோவிஷீல்டு போடுமாறு கடிதம் கொடுத்தார்கள். முழு ஆய்வுக் கட்டுரை ‘லான்செட்’ இதழில் வந்தது நவம்பரில்; அறிகுறியுள்ள நோயை 77.8 சதவீதம் தடுக்கிறது என்றது. நல்ல தடுப்பூசிதான். அதனால்தான் வருத்தம். பெருந்தொற்றுக் காலத்தில் தரவைக் கடைபரப்ப நேரமேது என்பவர்களுக்கு, 2020 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் செய்தது பதில். ஃபைசர் தடுப்பூசியின் சோதனை விவரங்களை ஆலோசனைக் குழு கூடுவதற்கு இரண்டு நாள் முன்பே இணையத்தில் போட்டது. கூட்டத்தை நேரலையில் காட்டியது. மறுநாள் அனுமதி கொடுத்தது. அவசரமும் குறையவில்லை. பாமர மக்கள் அந்த அட்டவணைகளைப் படிக்கப்போவதில்லை என்பது சரி. ஆனால் அவர்கள் போய் யோசனை கேட்கும் டாக்டர் படிப்பார். நிபுணர் குழு எந்தத் தரவைப் பார்த்துத் தலையசைத்ததோ அதை அனுமதி ஆணை வெளியாகும் அன்றே வெளியிட வேண்டும் என்று நம் மருந்து விதிகளில் ஒரு பிரிவைச் சேர்க்கலாம். தயாரிப்பு நுட்பம் எதுவும் அதில் வெளியேறாது. சோதனைக்கு உட்பட்டவர்களின் அடையாளத்தையும் நீக்கிவிடலாம்.