வருவது நூறு... போவது ஐந்து!



நேரு வீதி முதல் லாஸ்பேட்டை வரை இன்டர்நெட் நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள். "100 எம்.பி.பி.எஸ்.!" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். (டாக்டர் படிப்பு இல்லீங்க, மெகாபிட் கணக்கு!) அது நமக்கு வந்து இறங்கும் வேகம், அதாவது டவுன்லோட். நாம் அனுப்பும் வேகம், அதாவது அப்லோட் எவ்வளவு? தேடிப் பாருங்கள், பல நோட்டீஸில் அது இருக்காது.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஒரு கனெக்‌ஷன் வாங்கினோம். என் பிராஜெக்ட் வீடியோ 600 எம்.பி. இரவு 12 மணிக்குள் அனுப்பணும். கணக்குப் போடுங்கள்: ஒரு பைட்டுக்கு 8 பிட், ஆக 4800 மெகாபிட். நூறு வேகத்தில் 48 விநாடி போதும். எங்கள் வீட்டு அப்லோட் வேகமோ ஐந்துதான்! 960 விநாடி, அதாவது 16 நிமிஷம். நடுவில் இரண்டு தடவை அறுந்துபோய், திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து, மணி 12 தாண்டிவிட்டது. பத்து மார்க் போச்சு!

மறுநாள் கனெக்‌ஷன் கொடுத்த அண்ணனிடம் கேட்டேன். "எல்லாரும் படம் பாக்கத்தானே வாங்கறாங்க, அனுப்பறதுக்கு என்னம்மா இருக்கு?" என்றார். என் அப்பா கொத்தனார். அவர் சொன்னார்: "மணலுக்குக் காசு வாங்கறவன் எத்தனை யூனிட்டுன்னு சொல்லாம கொட்டினா விடுவோமா? படிக்கிற புள்ள நீ, எழுதிக் கேளு." அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 2005-ல் பி.எஸ்.என்.எல். டெலிபோன் கம்பியிலேயே பிராட்பேண்ட் தந்தது. அந்த முறைக்கு ஏ.டி.எஸ்.எல். என்று பெயர். முதல் எழுத்து 'ஏ'-க்கே 'சமமில்லாத' என்றுதான் அர்த்தம்! செம்புக் கம்பியில் இடம் குறைவு. அன்று ஜனங்கள் பார்த்ததுதான் அதிகம், அனுப்பியது கொஞ்சம். எனவே இறங்குவதற்குப் பெரும்பங்கு கொடுத்தார்கள். சரி, அன்றைக்கு அது நியாயம்.

இன்று வீட்டுக்கு வருவது கண்ணாடி இழை. பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஒரு இழையில் இறங்க சுமார் 2.5 ஜி.பி.பி.எஸ்., ஏற சுமார் 1.25. பல வீடுகள் இதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அப்படிப் பார்த்தாலும் ஏறுவது இறங்குவதில் பாதி! நூறுக்கு ஐந்து என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? பிளான் போடுகிறவர் வைக்கிற அளவுதான் அது. 2020-ல் ஜியோஃபைபர் இரண்டு வேகமும் சமம் என்றே அறிவித்தது. ஆகவே முடியாத காரியம் அல்ல.

அரசு விதியும் ஒருபக்கம்தான் பார்க்கிறது. பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 256 கே.பி.பி.எஸ். என்றது 2004-ம் ஆண்டுக் கொள்கை. பிறகு 512 ஆனது. 2023 ஜனவரியில் 2 எம்.பி.பி.எஸ். ஆனது. எல்லாமே இறங்கும் வேகம்! அனுப்பும் வேகத்துக்குக் குறைந்தபட்சம் எதுவும் சொல்லவில்லை.

நம்ம ஊரில் பல வீட்டுப் பிள்ளைகள் பிரான்ஸில் இருக்கிறார்கள். வீடியோ காலில் பேரன் முகம் பாட்டிக்குப் பளிச்சென்று தெரியும். அங்கே பேரனுக்குப் பாட்டி முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். பாட்டியின் முகம் போவது இந்த அப்லோடில்தானே?

நண்பர்களே! பணம் கட்டும் முன் "அப்லோட் எவ்வளவு?" என்று கேளுங்கள். விண்ணப்பத்தில் எழுதி வாங்குங்கள். வைஃபையில் பார்க்காமல் லேன் ஒயர் மாட்டி, காலையில் ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். நோட்டீஸிலும் பில்லிலும் இரண்டு வேகத்தையும் அச்சடிக்க வேண்டும் என்று நம் யூனியன் ட்ராய் அமைப்புக்கு மனு அனுப்பட்டும். முதல் கையெழுத்து என்னுடையது.

படம் பார்ப்பதற்கு மட்டுமா டிப்ளமோ படிக்கிறோம்? நாம் செய்ததையும் உலகம் பார்க்க வேண்டாமா? கேட்போம், கிடைக்கும்!

- மூன்றாம் ஆண்டு மாணவி,
எலெக்ட்ரானிக்ஸ் & கம்யூனிகேஷன் பிரிவு