பிள்ளையின் மௌனத்தையும் படிப்போம்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையையொட்டிய ரமணாசிரமம் பகுதியில் காலை வேளையில் நின்று பார்ப்போருக்கு ஒரு காட்சி தவறாது கிடைக்கும். கிரிவலம் வருவோரும் வெளிநாட்டுப் பயணிகளும் நடமாடும் அச்சாலையில், அவர்களுக்கிடையே புத்தகப் பையைத் தோளில் சுமந்தவாறு உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சாரிசாரியாகச் செல்வார்கள். அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. சிரித்துப் பேசிச் செல்வோர் பலர். தலை கவிழ்ந்து தனியே செல்வோர் சிலர். அந்தச் சிலரைப் பற்றியே இன்று சிந்திக்க விரும்புகிறோம்.

அப்பகுதி பெயர்பெற்ற வரலாறே ஒரு பள்ளி மாணவனிடமிருந்துதான் தொடங்குகிறது. தந்தையை இழந்து மதுரையில் சிற்றப்பாவின் இல்லத்தில் வளர்ந்த வேங்கடராமன் என்னும் அச்சிறுவன், அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றான். பள்ளியில் அவனோடு பந்தாடிய நெருங்கிய தோழர்களில் அப்துல் வஹாப் என்ற முஸ்லிம் மாணவரும் ஒருவர். பிற்காலத்தில் காவல்துறை அதிகாரியான பின்னரும் அவர் அந்நட்பை மறக்கவில்லை. 1896 ஆகஸ்ட் 29ஆம் நாள், ஆங்கில இலக்கணப் பாடத்தைத் தண்டனையாக மும்முறை எழுதிக்கொண்டிருந்த வேங்கடராமன், இடையில் எழுதுவதை நிறுத்திவிட்டான். அண்ணன் கடிந்துகொண்டார். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு குறிப்பும் எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்டவன், செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். அப்போது அவனுக்கு வயது பதினாறு. அவனே பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்டவர்.

அவருடைய பிற்கால வாழ்வு அவர்தம் அன்பர்களுக்குரியது. நாம் ஈண்டுக் கருதுவது ஒன்றே. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த பதினாறு வயதுப் பிள்ளையின் உள்ளத்தில் வாரக்கணக்கில் என்ன நிகழ்ந்துகொண்டிருந்தது என்பது, அவன் எழுதி வைத்த தாளைப் படிக்கும்வரை பெரியவர் எவருக்கும் தெரியவில்லை. வீட்டை விட்டுப் புறப்படும் பிள்ளைகள் அனைவரும் ஞானத்தைத் தேடிச் செல்வதில்லை. பலர் இரயில் நிலையத்திலேயே தீயோர் கையில் சிக்கிச் சீரழிகின்றனர். வேறு சிலர் வீட்டை விட்டுப் போவதே இல்லை, வீட்டுக்குள்ளேயே வாடுகின்றனர்.

2023 ஆகஸ்ட் 9ஆம் நாள் இரவு நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை, அவனோடு ஒரே பள்ளியில் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். அதற்கு முன்னரே அம்மாணவன் சில நாட்கள் பள்ளிக்குச் செல்லாமல் இருந்தான். ஏன் வரவில்லை என்று ஆசிரியர் விசாரித்த பிறகுதான், பள்ளியில் தான் அனுபவித்த இழிவையும் ஏவல்களையும் வாய்விட்டுச் சொன்னான். அரிவாள் ஓங்கப்படுவதற்கு முன்பே மௌனம் பேசிவிட்டது. அதைப் படிக்கத்தான் ஆளில்லை. அம்மாணவனோ காயங்களோடு மருத்துவமனையிலிருந்து மீண்டு, 2024ஆம் ஆண்டுப் பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றான். அவன் மன உறுதியை நாடே பாராட்டியது. எனினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. வெட்டியவர்களும் மாணவர்களே, அவர்களுக்கும் தாய் தந்தையர் உண்டு. அப்பிள்ளைகளின் கையில் அரிவாள் ஏறுவதற்கு முன்பே நெஞ்சில் ஆணவம் ஏறியதை எந்த வீடு கவனித்தது? துன்புறும் பிள்ளையைப் போலவே துன்புறுத்தும் பிள்ளையும் பெற்றோரின் கவனத்துக்குரியவன் அல்லவா?

இந்நிகழ்ச்சியையடுத்து அரசு நியமித்த ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு அவர்களின் ஒரு நபர் குழு, 2024 ஜூன் 18ஆம் நாள் தன் அறிக்கையை அளித்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் நீங்க வேண்டும். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டலாகாது. மாணவர் நலனைக் கவனிக்கத் தனி அலுவலர் வேண்டும் என்பன போன்ற பரிந்துரைகள் அதில் இடம்பெற்றன. கயிற்றை அறுப்பது சட்டத்தால் ஆகும். உள்ளத்தில் கட்டிய கயிற்றை அறுப்பது யாரால் ஆகும்?

ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும், பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் ஹுஜுராத் அத்தியாயத்தில் இறைவன் தடுத்துள்ளான். பரிகசிக்கப்படுவோர் பரிகசிப்போரைவிட மேலானவராக இருக்கலாம் என்றும் அங்கே எச்சரிக்கிறான். இதை ஜும்ஆ மேடையில் ஓதுகிறோம். வீட்டுத் திண்ணையில் மறந்துவிடுகிறோம். நிறத்தைச் சொல்லி, தொழிலைச் சொல்லி, ராவுத்தர் என்றும் லெப்பை என்றும் மரைக்காயர் என்றும் தக்னி என்றும் பிரித்துப் பேசும் பேச்சை நம் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதானே வளர்கின்றனர்? வீட்டில் கற்ற ஏளனத்தைத்தான் அவர்கள் வகுப்பறையில் செலவிடுகின்றனர்.

இனி ஆசிரியரின் பிரம்புக்கு வருவோம். கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த காலம் ஒன்றிருந்தது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. ஆயினும் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மதரஸாக்களும் வேத பாடசாலைகளும் அச்சட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டன. சட்டத்தின் அந்தப் பிரிவு நம்மைக் கேட்காது என்று மகிழ்வதா? நாளை மறுமையில் கேட்கப்படுவோம் என்று அஞ்சுவதா?

இதை எழுதும் கையும் பிரம்பைப் பிடித்த கைதான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மக்தபில் ஓதிக்கொடுத்தபோது, எழுத்தின் புள்ளி ஒன்றா இரண்டா என்று சொல்லத் தெரியாமல் நாள்தோறும் தடுமாறிய சிறுவனை, கவனமில்லாதவன் என்று கருதி உள்ளங்கையில் அடித்தோம். ஒரு நாள் அவன் வருவதை நிறுத்திக்கொண்டான். பின்னர் அரசுப் பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் அவனுக்குப் பார்வைக் குறைவு இருப்பது தெரிந்து, மூக்குக் கண்ணாடி வழங்கினார்கள். அவனுக்குக் கவனம் இருந்தது, புள்ளிதான் தெரியவில்லை. அதைக் கேட்டறிய நமக்குத்தான் தோன்றவில்லை. இளைஞரானபின் அவர் கடைத்தெருவில் நம்மைக் கண்டு முந்திச் சலாம் கூறியபோது, பதில் கூற நா எழவில்லை.

பத்து வயதில் தொழாவிட்டால் அடிக்கச் சொல்லவில்லையா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. ஏழு வயதில் தொடங்கி மூன்றாண்டுகள் இதமாகச் சொல்லி, உடன் அழைத்துச் சென்று பழக்கிய பிறகு வரும் கட்டம் அது. அங்கும் காயப்படுத்தலாகாது, முகத்தில் அடிக்கலாகாது என்று மார்க்க அறிஞர்கள் வரம்பிட்டுள்ளனர். மூன்றாண்டுப் பொறுமையை விட்டுவிட்டுப் பிரம்பை மட்டும் எடுத்துக்கொள்வது மார்க்கமாகாது. பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறைகூடச் சீ என்று கடிந்ததில்லை. தொழுகையின் நடுவே அறியாமல் பேசிவிட்ட முஆவியா இப்னு ஹகம் (ரலி) அவர்களை அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. தொழுகை முடிந்ததும் விளக்கிச் சொன்னார்கள். மாணவரிடம் கடுமை காட்டினால் அவர்கள் சோம்பலுக்கும் பொய்க்கும் வேடத்துக்கும் பழகிப்போவார்கள் என்று பதினான்காம் நூற்றாண்டிலேயே இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் விளக்கிவிட்டார்.

அடிக்கலாகாது என்றால் அவிழ்த்துவிட வேண்டும் என்பது பொருளன்று. காலந்தவறாமை, ஆசிரியரிடம் மரியாதை, சக மாணவனின் உடலிலும் மானத்திலும் கை வைக்காமை, வகுப்பில் கைபேசியைத் தொடாமை ஆகியவற்றில் தளர்வே கூடாது. ஆனால் விதி இன்னதென்று முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். தவறியவனைப் பலர் முன்னிலையில் தலைகுனிய வைக்காமல் தனியே அழைத்துத் திருத்த வேண்டும். லுக்மான் (அலை) அவர்கள் மகனுக்கு நற்பண்புகளைக் கூறியபோது, என்னருமை மகனே என்ற கனிவோடு விளித்ததாகவே திருமறை காட்டுகிறது. அந்த அறிவுரையில் கண்டிப்பும் உண்டு, கனிவும் உண்டு.

பெற்றோர்களே! மஃரிப் தொழுகைக்குப் பின் கால்மணி நேரம் பிள்ளையோடு அமருங்கள். மதிப்பெண்ணை மட்டும் கேளாதீர்கள்; இன்று யாரோடு உண்டாய், யார் உன்னிடம் கடுமையாகப் பேசினார், நீ யாரைப் புண்படுத்தினாய் என்றும் கேளுங்கள். பள்ளிக்குப் போக மறுத்தால், உணவில் நாட்டம் குறைந்தால், உறக்கம் கெட்டால், அதைச் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். தலைமை ஆசிரியரை நாடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அக்கூட்டங்களுக்குத் தவறாமல் செல்லுங்கள். குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணையும், பள்ளிக் கல்வித்துறையின் 14417 என்ற எண்ணையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்திருக்கட்டும். நம் மதரஸாக்களிலும் பிரம்புக்கு ஓய்வு கொடுப்பது என ஜமாஅத்தார் கூடி முடிவெடுக்கட்டும்.

பிள்ளை நமக்குச் சொந்தமான பொருளன்று. இறைவன் சில காலம் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். ஒப்படைத்தவன் திரும்பக் கேட்கும்போது, உடைந்த பாத்திரத்தைக் கையில் ஏந்தி நிற்கும் நிலை நமக்கு வேண்டாம். நாளைக் காலையும் அச்சாலையில் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வார்கள். தலை கவிழ்ந்து செல்லும் ஒரு பிள்ளையை நிறுத்தி, என்னப்பா, நலமா என்று கேட்கும் மனத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.