எத்தனை முறைதான் ‘முதன்முறை’?

பெண் ஒருத்தி ராணுவ விமானத்தில் ஏறிவிட்டால் போதும், ‘முதன்முறையாக’ என்று தலைப்புப் போட்டுவிடுகிறோம். படிப்பவர்களும் இது நம் காலம் தந்த வரம் என்று நம்பிவிடுகிறார்கள். அந்தக் காலத்துப் போர்களில் பெண்கள் காயத்துக்குக் கட்டுப் போட்டதோடு சரி என்ற எண்ணம் அப்படித்தான் வேரூன்றுகிறது. இது வெறும் அறியாமை இல்லை. செத்துப்போனவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காகப் பறந்த ‘வாஸ்ப்’ பெண்களைப் பாருங்கள். விண்ணப்பித்தவர்கள் 25,000 பேர்; பயிற்சியைக் கடந்து சிறகுச் சின்னம் பெற்றவர்கள் 1,074 பேர். ஆண்களுக்குத் தைத்த தொளதொளப்பான உடுப்பின் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் டெக்சாஸின் ஸ்வீட்வாட்டரில் பயிற்சி எடுத்தார்கள். பிறகு துணி இலக்கை விமானத்தின் பின்னால் நீளமாகக் கட்டி இழுத்துப் பறந்தார்கள். கீழே குறிபார்க்கப் பழகும் சிப்பாய்கள் அதை நிஜக் குண்டுகளால் சுட்டார்கள். இதற்குப் பெயர் ஒத்தாசையா?

1944இல் புதிய பி-29 குண்டுவீச்சு விமானத்தின் எஞ்சின் அடிக்கடி தீப்பிடித்தது. ஆண் விமானிகள் அதில் ஏறத் தயங்கினார்கள். பின்னாளில் ஹிரோஷிமாவில் குண்டு போட்ட பால் டிபெட்ஸ், நான்கு எஞ்சின் விமானத்தை அதுவரை தொட்டே பார்க்காத டோரா டோகர்ட்டி, டோரத்தியா மூர்மன் இருவரையும் சில நாளில் பழக்கி, அந்த ஆண்கள் முன் ஓட்டிக் காட்டச் செய்தார். ஆண்களின் பயம் தெளியப் பெண் வேண்டும், அவளுக்குப் படையில் இடம் மட்டும் கிடையாது!

ஆம், ஏட்டில் அவர்கள் வெறும் சிவில் ஊழியர்கள். பணியில் 38 பேர் இறந்தார்கள். சவப்பெட்டியை ஊருக்கு அனுப்பும் செலவைக்கூட ராணுவம் ஏற்கவில்லை. தோழிகள் கைக்காசைத் திரட்டி அனுப்பினார்கள். படை அந்தஸ்து கேட்ட மசோதா தோற்றது. வேலை போய்விடும், தரைப்படைக்குப் போக நேரும் என்று அஞ்சிய ஆண் பயிற்றுநர்களும் அதை எதிர்த்தார்கள். 1944 டிசம்பர் 20 அன்று ‘வாஸ்ப்’ அமைப்பையே கலைத்துவிட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில், ‘முதன்முறையாக’ப் பெண்கள் ராணுவ விமானம் ஓட்டப்போகிறார்கள் என்று அமெரிக்க விமானப்படை அறிவித்தது. உயிரோடு இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த ஆத்திரத்தோடு போராடி, 1977இல்தான் முன்னாள் படையினர் என்ற உரிமையை வாங்கினார்கள்.

அதற்குப் பிறகும், 2015இல் இறந்த ‘வாஸ்ப்’ விமானி எலைன் ஹார்மனின் அஸ்திக்கு ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் இடமில்லை என்றார்கள். குடும்பம் போராடி, தனிச் சட்டமே வந்த பிறகு, 2016 செப்டம்பரில்தான் அங்கே வைக்க முடிந்தது.