வழக்கில் ஏறாத கொலை

நா ஹோங்-ஜின் இயக்கத்தில் 2016-ல் வந்த கொரியப் படம் 'தி வெய்லிங்'. அதில் ஒரு கொலைக்கு மட்டும் துப்புத் துலக்க வேண்டிய தேவையே இல்லை. மலைச் சாலையில் வண்டியின்மேல் வந்து விழுந்து அடிபட்ட ஒருவரைத் தூக்கிப் பள்ளத்தில் வீசுகிறார்கள். வீசுகிறவர்களில் ஒருவர் போலீஸ்காரர், படத்தின் நாயகர். 156 நிமிடம் ஓடும் படத்தில் அந்தக் கொலையை யாரும் வழக்காகப் பதியவில்லை. பார்க்கும் நமக்கும் அது கொலையாக உறைப்பதில்லை. மற்றக் கொலைகளைச் செய்தது பேயா, மனிதரா என்ற கேள்வியைவிட, இது நமக்கு ஏன் உறைக்கவில்லை என்பதுதான் என்னை உலுக்குகிறது.

தென் ஜொல்லா மாகாணத்தின் கொக்சங், மலை சூழ்ந்த ஊர். அங்கே குடும்பம் குடும்பமாகச் சாகிறார்கள். கொன்றவர் ஓடி ஒளிவதில்லை. உடலெங்கும் கொப்புளங்களும் வெறித்த பார்வையுமாக அங்கேயே கிடக்கிறார். விஷக் காளான் தின்றதால் வந்த வினை என்று ஒரு விளக்கம் வருகிறது. ஊர் அதை ஏற்கவில்லை. மலைமேல் தனியாகக் குடியிருக்கும் ஜப்பானியரைக் கைகாட்டுகிறது. 1910 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சியில் நசுங்கிக் கிடந்த நாடு அது. அங்கே இப்படிப்பட்ட சந்தேகத்துக்குத் தனியாகச் சாட்சி வேண்டியதில்லை. அவர் மானைப் பச்சையாகத் தின்றதைப் பார்த்தேன் என்கிறார் ஒருவர். கேட்டவர்கள் பரப்புகிறார்கள். காவலர் ஜோங்-கூ (குவாக் தோ-வான்) முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகளுக்கும் அதே நோய் கண்டதும் விசாரணை என்ற சொல்லையே மறந்துவிடுகிறார். அந்நியரின் வீட்டுக்குள் புகுந்து அடித்து நொறுக்குகிறார், நாயைக் கொல்கிறார், ஊரைவிட்டுப் போகச் சொல்லி மிரட்டுகிறார்.

ஆதாரமில்லாமல் ஒருவரைக் குற்றவாளியாக்குவதைக் கொரியக் கிராமப்புறம் நிஜத்திலும் கண்டிருக்கிறது. 1986-க்கும் 1991-க்கும் இடையே ஹ்வாசங் பகுதியில் பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். போங் ஜூன்-ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003) அந்த வழக்கிலிருந்து பிறந்த படம். எட்டாவது கொலைக்காக, போலியோவால் கால் பாதிக்கப்பட்ட ஓர் இளைஞரைப் பிடித்துச் சென்று வதைத்து வாக்குமூலம் வாங்கியது போலீஸ். அவர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையில் கழித்தார். 2019-ல் டி.என்.ஏ. சோதனையில் வேறொருவர் சிக்கி, பத்துக் கொலைகளையும் ஒப்புக்கொண்டார். அந்த இளைஞர் நிரபராதி என்று நீதிமன்றம் சொன்னது 2020 டிசம்பரில். பயந்துபோன ஊருக்கும் வேலையை முடிக்கத் துடிக்கும் போலீசுக்கும் ஓர் ஆள் வேண்டும். ஊன்றிக்கொள்ள யாருமில்லாதவர்தான் முதலில் கையில் கிடைப்பார்.

நா ஹோங்-ஜின் நம்மையும் அந்தக் கும்பலில் சேர்த்துவிடுகிறார். சடங்குக் காட்சியைப் பாருங்கள். மந்திரவாதி இல்-குவாங் (ஹ்வாங் ஜுங்-மின்) மரத்தூணில் ஆணி அறைகிறார். மலைமேல் ஜப்பானியர் கறுப்புக் கோழிகளோடு தன் பூசையை நடத்துகிறார். வீட்டில் சிறுமி துடித்துக் கதறுகிறாள். மூன்றையும் மாற்றி மாற்றிக் காட்டும்போது, மந்திரவாதியின் ஆணி ஜப்பானியரைத்தான் துளைக்கிறது என்று நாமே முடிவுகட்டி, இன்னும் ஓங்கி அடிக்கட்டும் என்று உள்ளூர ஆசைப்படுகிறோம். அடி யார்மேல் விழுந்தது என்பது பிறகுதான் உறைக்கிறது. மந்திரவாதியின் பெட்டி கவிழ்ந்து, செத்தவர்களின் புகைப்படங்கள் கொட்டுகின்றன.

பள்ளத்தில் வீசப்பட்ட அந்த ஜப்பானியர் கடைசியில் உயிரோடு இருக்கிறார்; அப்படியானால் அவர் பிசாசுதானே, ஊர் சொன்னது சரிதானே என்று கேட்கலாம். குகையில் அரிவாளோடு வந்து நிற்கும் இளம் திருத்தொண்டரிடம் (டீக்கன்), நான் யார் என்பதை நீ ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறாய் என்ற பொருளில் அவர் பேசுகிறார். அதன் பிறகுதான் உருமாறுகிறார். பார்ப்பவரின் சந்தேகமே அந்த உருவத்தைத் தந்தது என்று வாசிக்க இடமிருக்கிறது. ஆனால் மந்திரவாதியை அந்நியரின் கூட்டாளியாகக் காட்டிக்கொடுக்கும் அந்தப் புகைப்படப் பெட்டி அதற்கு ஒத்துழைப்பதில்லை. அங்கே இயக்குநர் தன் துணிச்சலைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிட்டார் என்றே நினைக்கிறேன். இருந்தாலும், பிசாசு என்பதற்கான எந்த ஆதாரமும் அந்த மலைச் சாலையில் ஜோங்-கூவின் கையில் இல்லை. அவர் பள்ளத்தில் வீசியது, தனக்குத் தெரிந்தவரை, ஒரு மனிதனை.

அதனால்தான் விடியலுக்கு முன் தெருவில் நடக்கும் காட்சியைப் படத்தின் உச்சமாக வைக்கிறேன். சேவல் மூன்று முறை கூவும்வரை வீட்டுக்குப் போகாதே என்கிறாள் வெள்ளையுடுத்த ஒரு பெண். அவள்தான் பேய் என்கிறார் தொலைபேசியில் மந்திரவாதி. என் மகளுக்கு ஏன் இந்தக் கதி என்று ஜோங்-கூ கேட்கிறார். உன் மகளின் அப்பன் சந்தேகப்பட்டான், கொன்றான் என்கிறாள் அவள். மகள் நோயில் விழுந்தது அதற்கு முன்பே அல்லவா என்று அவர் திருப்பிக் கேட்பது முழுக்க நியாயமான கேள்வி. படம் அதற்குப் பதில் தருவதில்லை. இரண்டு பேரில் யார் சொல்வது மெய் என்று சோதிக்க ஒரு காவலருக்கு வழி தெரிந்திருக்க வேண்டும். விசாரிப்பதை எப்போதோ கைவிட்ட ஜோங்-கூவுக்குத் தரையில் கிடக்கும் மகளின் கொண்டை ஊசி போதுமானதாக இருக்கிறது. மூன்றாவது கூவலுக்குக் காத்திராமல் வீட்டுக்குள் போகிறார். அவர் காத்திருந்தாலும் அதுவும் ஓர் ஊகமாகத்தான் இருந்திருக்கும்.