நாட்டுக்கோழிக்கும் சொட்டு மருந்து வேண்டும்

"நாட்டுக்கோழிக்கு எதுக்குங்க தடுப்பு மருந்து? அதுக்குத்தான் இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி இருக்கே!" நம் கூட்டங்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. மூன்று வருடம் முன்புவரை சொன்னவர்களில் நானும் ஒருவன். வங்கியில் இருந்தபோது, தடுப்பு மருந்து அட்டவணை இல்லாத கோழிக்கடன் மனுவைத் திருப்பிக் கொடுத்தவன், சொந்தக் கொட்டகையில் அதை மறந்துபோனேன்.

200 குஞ்சுகள். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கு மட்டும் சொட்டு மருந்து, அதுவும் கால்நடை மருத்துவர் வற்புறுத்தியதால். நாலாவது வாரம் குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. வெள்ளையாய், தண்ணீராய்க் கழிந்தன. சில தன் ஆசனவாயைத் தானே கொத்தின. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள் என்று அரைத்துக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு வாரத்தில் பாதி போயிற்று. செத்ததை அறுத்துப் பார்த்த மருத்துவர், தொடைச் சதையில் ரத்தக்கசிவையும் ஆசனவாய்க்கு மேலே வீங்கிப்போன சின்னப் பையையும் காட்டி, "கம்போரோ சார்" என்றார். பிழைத்தவற்றிலும் பலதை இரண்டு மாதம் கழித்து வெள்ளைக்கழிச்சல் கொண்டுபோனது. மருந்து போட்டிருந்தும்!

காரணம் அந்தப் பைதான். பர்சா என்பார்கள். நோயை எதிர்க்கும் அணுக்கள் குஞ்சுப் பருவத்தில் முதிர்வது அங்கேதான். கம்போரோ வைரஸ் நேராக அந்த அணுக்களையே அழிக்கிறது. (1962-ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்துக் கம்போரோ என்ற ஊரை ஒட்டிக் கண்டறிந்ததால் அந்தப் பெயர்.) மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுக்கு வந்தால் கண்ணுக்குத் தெரியும்படி சாகும். மூன்று வாரத்துக்குள் வந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் பிறகு போடும் மருந்து எதுவும் சரியாகப் பிடிக்காது. "மருந்து போட்டும் செத்துப்போச்சு, எல்லாம் ஏமாத்து" என்று நாம் பேசுவதில் பாதிக்கு இதுவே காரணமோ என்று இப்போது தோன்றுகிறது. எதிர்ப்புச் சக்தி உருவாகும் இடமே போனபின் எந்த மூலிகை எதை வளர்க்கும்?

எனக்கு எப்படி வந்தது? பிராய்லர் பண்ணை எருவை வாங்கிக் கொட்டகைக்கு இருபதடி தள்ளிக் குவித்திருந்தேன். அதுதான் என்று என் சந்தேகம். இந்த வைரஸ் காலிக் கொட்டகையில்கூட மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரணக் கிருமிநாசினிக்கு மசியாது. கோழி எரு வாங்காத இயற்கை விவசாயி நம்மில் எத்தனை பேர்? வாங்குங்கள், ஆனால் கோழி நடமாடாத இடத்தில் குவித்து, நன்றாக மக்கிய பிறகே எடுங்கள்.

தடுப்பு மருந்து போட்டால் சான்றிதழ் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். அந்தப் பகுதியில் நோய் இருந்தால் நம் நாட்டு அங்கக விதிகளே அனுமதிக்கின்றன. ஆன்டிபயாடிக்கோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம்.

பொதுவாக 14-ஆம் நாள் வாக்கில் தருவார்கள். உங்கள் மருத்துவரிடம் நாள் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் கலந்தால் குளோரின் கூடாது, கொஞ்சம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் சேர்க்கணும், இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கணும். மருந்து கடையிலிருந்து வீடுவரை ஐஸில் வரணும்.

சிக்கல் குப்பியில்தான். நூற்றுக்கணக்கான குஞ்சுகளுக்கான அளவில் வருகிறது. முப்பது குஞ்சு வைத்திருப்பவர் மிச்சத்தைக் கீழே கொட்டுவதற்கா வாங்குவார்? நம் இயக்கத்தின் வட்டாரக் குழுக்கள் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு ஊரில் ஐந்தாறு பேர் பேசிவைத்து ஒரே வாரத்தில் அடைவைத்தால் ஒரு குப்பி எல்லாருக்கும் போதும். எங்கள் ஊரில் நாலு வீடு சேர்ந்திருக்கிறோம். இந்தத் தையில் அடைவைக்கிறோம்.