எந்திரத்துக்கும் அப்பன் தொழில்தான் வேணுமாம்

கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துப் பொண்ணு. கள்ளக்குறிச்சியில் பி.எஸ்சி. தாவரவியல் மூணாம் வருசம். செயற்கை நுண்ணறிவு வேலைக்கு வழி சொல்லும் என்று அவள் கல்லூரியில் ஒரு தனியார் மென்பொருளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது கேட்டதை என்னிடம் காட்டினாள். அப்பா தொழில்? மரவள்ளிக் காட்டுக் கூலி. வீட்டில் கம்ப்யூட்டர்? இல்லை. இங்கிலீசு? கொஞ்சம். எந்திரம் சொன்ன பதில்: ஜவுளிக்கடை விற்பனை, ஆஸ்பத்திரி உதவியாளர்.

"தாவரவியல் முடிச்சா யூ.பி.எஸ்.சி.யில் இந்திய வனப் பணித் தேர்வு எழுதலாம்மா" என்றேன்.

"நெசமாவாக்கா? நானு காட்டுக்கு ஆபீசரா வரலாமா?"

கடை வேலை கேவலம் என்று சொல்லவில்லை. என் சனம் செய்யாத வேலையா? ஆனா, உனக்கு இவ்வளவுதான் என்று அளந்து போட இது யார்?

1953-ல் ராஜாஜி ஒரு கல்வித்திட்டம் கொண்டுவந்தார். பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். 1954-ல் காமராசர் ஆட்சியில் அது ஒழிந்தது. அதற்கு ஒரு முகம் இருந்தது, எதிர்த்துத் தெருவில் இறங்க முடிந்தது. இதற்கு முகமே இல்லை. 'கம்ப்யூட்டர் சொல்லுது' என்று கையை விரிக்கிறார்கள்.

எந்திரம் சாதி பார்க்காதாம். எந்த ஊரு, எந்தத் தெரு என்று ரெண்டே கேள்வியில் சாதியைக் கண்டுபிடிக்கிற நாடு இது. அப்பன் தொழிலையும் சேர்த்துக் கொடுத்தால் எந்திரத்துக்கு என்ன பாக்கி? நேற்று நடந்ததைப் படித்துத்தான் அது நாளைக்குச் சொல்கிறது. அமேசான் கம்பெனி ஆள் எடுக்க ஒரு மென்பொருள் செய்தது. பத்து வருச விண்ணப்பங்களை அதற்குப் படிக்கக் கொடுத்தார்கள். பெரும்பாலும் ஆண்கள் விண்ணப்பம். பெண்களை மட்டம் தட்ட அது தானாகவே கற்றுக்கொண்டது. கம்பெனியே அதைக் கைவிட்ட கதை 2018-ல் வெளியே வந்தது.

நேற்றைய கணக்கில் நாம் எங்கே இருக்கிறோம்? 1976 வரை ஜாகிர்தார்கள் பிடியில் கிடந்த மலை அது. அந்தக் கணக்கில் கூலிக்காரி இருப்பாள். அதிகாரி எப்படி இருப்பாள்? 1913-ல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். அன்றைக்கு இந்த எந்திரத்தைக் கேட்டிருந்தால், அப்பா இருந்த பட்டாளத்துக்கே போகச் சொல்லியிருக்கும்.

எந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை. வழி தெரிந்த மாமனும் சித்தப்பனும் அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். சேரிப் பிள்ளைக்கும் மலைப் பிள்ளைக்கும் யார் இருக்கிறார்கள்? வழிகாட்டி வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டுதானே 2022 மார்ச் 1 அன்று அரசே 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது?

நாம் கேட்பது இதுதான். கல்லூரிக்குள் வருகிற எந்த மென்பொருளும் அப்பன் தொழிலைக் கேட்கக் கூடாது. இந்த வேலையை ஏன் சொன்னாய் என்றால் பதில் வேண்டும். இடஒதுக்கீடு, உதவித்தொகை, எழுதக்கூடிய தேர்வுகள் எல்லாவற்றையும் முதலில் சொல்ல வேண்டும். பக்கத்தில் விசயம் தெரிந்த ஒரு ஆள் உட்கார வேண்டும்.

தோழர்களே, உங்கள் கல்லூரியிலும் அந்தப் படிவம் வரும். நிரப்புவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: எங்க அப்பன் தொழில் உனக்கு எதுக்கு?