பெயர்ப்பலகையும் மேடும்

கிங்ஸ்வே, ராஜ்பத், 2022 செப்டம்பரிலிருந்து கர்த்தவ்ய பத். டில்லியில் ஒரே தெருவுக்கு மூன்று பெயர்கள். மூன்றாவது பெயரை நம்மவர்களில் ஒரு சாரார் அடிமைச் சின்னம் ஒழிந்ததாகக் கொண்டாடினார்கள். மறு சாரார் சீறினார்கள். இரு தரப்பாரும் பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டார்கள். கவிதையில் உள்ளடக்கம், உள்ளடக்கம் என்று கூவி உருவத்தைக் கோட்டைவிடும் அதே வியாதி.

இந்தியா கேட்டிலிருந்து மேற்கே நடந்து பாருங்கள். வைஸ்ராய் மாளிகையாக இருந்த ராஷ்டிரபதி பவன் தூரத்தில் எடுப்பாகத் தெரியும். நெருங்க நெருங்க அது கீழே இறங்கும். ரைசினா மேட்டின் அடிவாரத்துக்கு வந்தால் கும்மட்டம்தான் மிச்சம். ஹெர்பர்ட் பேக்கரின் செயலகக் கட்டிடங்கள் இரண்டும் உச்சியில் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ள, லட்யன்ஸின் மாளிகை பின்னுக்குத் தள்ளப்பட்டதன் விளைவு இது. சரிவை வெட்டித் திருத்த வேண்டுமென்று லட்யன்ஸ் வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றார், தோற்றார். இதைப் பிழை என்கிறார்கள். எனக்கென்னவோ அந்த வட்டாரத்தில் பொய் சொல்லாத ஒரே விஷயம் அந்தச் சரிவுதான் என்று படுகிறது. தூரத்தில் காட்சி தருகிற அதிகாரம் கிட்டப் போனால் மறைந்துகொள்கிறது. 1931இல் நகரத்தைத் திறந்துவைத்தவர்கள் யோசித்துச் செய்த காரியமல்ல இது. தெருவுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் சரிவு அப்படியே இருக்கிறது.

மாறியது வேறொன்று. 1988 அக்டோபரில் மகேந்திர சிங் திகாயத்தின் பின்னால் லட்சக்கணக்கான விவசாயிகள் டிராக்டரும் மாட்டு வண்டியுமாக வந்து, அதே தெருவோரத்துப் போட் கிளப் புல்வெளியில் ஒரு வாரம் குடியிருந்தார்கள். பிற்பாடு அங்கே கூட்டம் கூடக்கூடாதென்று ஆயிற்று. எதிர்ப்பு என்பது ஜந்தர் மந்தரை ஒட்டிய ஒரு தெருவுக்குள் ஒதுக்கப்பட்டது. இரண்டு பெயர் மாற்றங்களையும்விடப் பெரிய மாற்றம் இது. நம் சிற்றேடுகளில் இதைப்பற்றி ஒரு வரி படித்த ஞாபகம் எனக்கில்லை.

அந்தத் தெருவில்தான் 2017இல் அய்யாக்கண்ணுவும் நம் விவசாயிகளும் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஏப்ரலில் ஒருநாள் மனுக் கொடுக்க அழைத்துப்போனபோது, பிரதமர் அலுவலகத்துக்கு அருகே சிலர் துணியைக் களைந்துவிட்டு ஓடினார்கள். மேட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் போக அவர்களுக்குக் கிடைத்தது அந்தச் சில நிமிஷங்கள்தான். 1947இல் திருவாவடுதுறை ஆதீனம் நேருவுக்குக் கொடுத்த செங்கோலோ, 2023 மே 28 அன்று புதிய மக்களவைக்குள்ளேயே போய் சபாநாயகர் ஆசனத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது.

செங்கோலைப் பற்றி நாம் எழுதிக் குவித்தோம். அது அதிகாரத்தைக் கைமாற்றியதா, வெறும் அன்பளிப்பா என்று ஒரே சண்டை. மண்டை ஓட்டுக்கு இரங்கற்கவிதை போதுமென்று விட்டுவிட்டோம். எது உள்ளே போயிற்று, எது எந்த இடத்தில் தடுத்து நிறுத்தப்பட்டது என்று தெருத் தெருவாகப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நம் கவிதைகளில் டில்லி என்பது வெறும் ஆகுபெயர். வசைக்கு வாகான ஒரு சொல்.

அடுத்து ‘டில்லி’ என்று ஒரு வரி எழுதப்போகிற கவிஞர் அந்தத் தெருவை ஒருமுறை நடந்துவிட்டு வரட்டும். ரயில் சார்ஜுக்கு இந்தப் பத்திரிகையிடம் காசில்லை என்பது வேறு விஷயம்.